சோனி ரோலின்ஸ் பாலத்தில் சாதகம் செய்த கதை: எவ்வளவு உண்மை, நமக்கு எவ்வளவு பொருந்தும்?

கேள்வி இதுதான்: "ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் பேரும் புகழுமாக இருந்தபோது மேடையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் ஒரு பாலத்தின் மேல் நின்று வாசித்துக்கொண்டே இருந்தாராமே. அதனால்தான் அவ்வளவு பெரிய ஆளானாரா? நானும் ஒரு வருடம் புரோகிராம்களை விட்டுவிட்டுப் பயிற்சி மட்டும் செய்யலாமா?" கேட்டவர் மெல்லிசைக் குழு ஒன்றில் ஆல்டோ (சிறிய, மேல் சுருதி சாக்ஸபோன்) வாசிக்கிறார். கடைசியில் ரோலின்ஸ் என்ன மௌத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வைத்திருந்தார் என்றும் கேட்டிருக்கிறார். பாலத்தைப் பற்றிக் கேட்டாலும் அவர் மனதில் இருப்பது இரண்டாவது கேள்விதான் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வியைச் சரியாகப் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கதை பெரும்பாலும் பாதியிலிருந்துதான் சொல்லப்படுகிறது. நான் ரோலின்ஸைப் போல டெனர் (ஆல்டோவைவிடப் பெரிய, கீழ் சுருதி சாக்ஸபோன்) வாசிப்பவன், பல வருடங்களாகச் சொல்லியும் கொடுக்கிறேன். ரோலின்ஸின் பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதியெடுத்துத்தான் நானே கற்றுக்கொண்டேன்.

முதலில் நேரடியான பதில்: இல்லை, பாலத்தால் அவர் பெரிய ஆளாகவில்லை. பெரிய ஆளான பிறகுதான் பாலத்துக்குப் போனார். அவர் விலகியது 1959 கோடையில். அதற்கு முந்தைய மூன்று வருடப் பதிவுகளைக் கேட்டாலே போதும். 1956 ஜூன் 22 அன்று நியூ ஜெர்சியில் பதிவான 'சாக்ஸபோன் கொலோசஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'செயின்ட் தாமஸ்'. கரீபியத் தீவுப் பின்னணியில் வந்த அவருடைய அம்மா பாடக் கேட்டு வளர்ந்த கலிப்சோ மெட்டு அது. மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் தனியாகத் தொடங்கும், பிறகு மெட்டு வரும், அப்புறம் ரோலின்ஸின் சோலோ. அந்த சோலோவின் ஆரம்பத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள். இரண்டே சுரம். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒருமுறை தாளத்துக்கு முன்னால் விழுகிறது, ஒருமுறை தள்ளி விழுகிறது, ஒருமுறை வெட்டி நிறுத்துகிறார். இவ்வளவு கஞ்சத்தனமாக எதற்கு ஆரம்பிக்கிறார் என்று நமக்குத் தோன்றும்போது அந்த இரண்டு சுரத்திலிருந்தே மொத்த சோலோவும் கிளைவிட்டு வளர்ந்திருக்கும். அப்போது அவருக்கு வயது 25.

அடுத்த வருடம் பியானோவே இல்லாமல் பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு முக்கியமான பதிவுகள் செய்தார். ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் மார்ச் மாதம் விடியற்காலை 3 மணிக்கு ஆரம்பித்த 'வே அவுட் வெஸ்ட்'. பாஸ் வாசித்த ரே பிரவுன், டிரம்ஸ் வாசித்த ஷெல்லி மேன் இருவருக்கும் பகலில் வேலை நெருக்கடி, அதனால் அந்த நேரம். இன்னொன்று நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ரசிகர்கள் முன்னால் பதிவானது. பியானோ இல்லை என்றால் கீழே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை. எந்த இடத்தில் எந்த ஹார்மனி போகிறது என்பதை ஒற்றைச் சுரக் கருவியிலேயே கேட்பவருக்குப் புரியவைக்க வேண்டும். இதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நிமிடத்தில் கையிருப்பு காலியாகிவிடும். 1958-ல் 'ஃப்ரீடம் சூட்', இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற ஒரே படைப்பு, அதுவும் அதே மூவர் அமைப்பில்தான். இவ்வளவும் பாலத்துக்கு முன்னால்.

கதை பாதியிலிருந்து சொல்லப்படுகிறது என்றேன் அல்லவா. விட்டுப்போகிற பாதி இது. ரோலின்ஸ் 1930-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பள்ளி வயதில் ஆல்டோ, பதினாறு வயதுவாக்கில் டெனருக்கு மாறினார், காரணம் டெனர் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் மீது இருந்த பக்தி. இருபது வயதுக்குள் பட் பவல், ஜே. ஜே. ஜான்சன் போன்றவர்களோடு பதிவு செய்துவிட்டார். கூடவே ஹெராயினும் வந்துவிட்டது. 1950-ல் ஆயுதத்தோடு கொள்ளையடிக்க முயன்றதாகக் கைதாகி ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் பல மாதம் இருந்தார், வெளியே வந்து மறுபடி மாட்டினார். இதற்கு நடுவில் 1954-ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் அவர் எழுதிக்கொடுத்த 'ஏரெஜின்', 'ஓலியோ', 'டாக்ஸி' மூன்றையும் இன்றுவரை உலகத்தில் ஜாஸ் படிக்கிற எல்லாரும் வாசிக்கிறார்கள். போதையில் இருந்தபோது திறமை இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் நிலையாக இல்லை.

1955-ல் அவராகவே கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த போதை மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்கு முன்பு ஒரு பதிவின்போது, நீ இன்னும் போதை எடுக்கிறாயா என்று ஆல்டோ மேதை சார்லி பார்க்கர் கேட்டிருக்கிறார், இவர் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறார். பார்க்கரும் அதே பழக்கத்தில் சிக்கியவர்தான், ஆனால் தன்னைப் பார்த்துச் சின்னப் பையன்கள் கெடுகிறார்களே என்று வருத்தப்பட்டவர். குணமாகி அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று ரோலின்ஸ் நினைத்திருந்தார். மருத்துவமனையில் இருக்கும்போதே, 1955 மார்ச்சில், பார்க்கர் இறந்துவிட்டார். அங்கிருந்து ரோலின்ஸ் உடனே நியூயார்க் மேடைக்குத் திரும்பவில்லை. சிகாகோவில் தங்கி, கட்டடம் கூட்டிப் பெருக்குகிற வேலை முதலான கூலி வேலைகள் பார்த்துக்கொண்டு, பழைய சகவாசத்துக்கு எட்டாமல் பயிற்சி செய்தார். வருடக் கடைசியில்தான் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன், மேக்ஸ் ரோச் குழுவில் சேர்ந்தார். போதையின் வாடையே இல்லாமல் இவ்வளவு நன்றாக வாசிக்க முடியும் என்பதைப் பிரவுனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். அந்தப் பிரவுனும் 1956 ஜூன் 26-ல், 'செயின்ட் தாமஸ்' பதிவாகி நான்கே நாளில், கார் விபத்தில் போய்விட்டார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1959-ல் நடந்தது அவருடைய முதல் விலகல் அல்ல. முதல் விலகல் சிகாகோ. அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. ஒதுங்கிப் போனால் திரும்பி வர முடியும், வரும்போது முன்பைவிடக் கெட்டியாக வரலாம் என்பதை அவர் அங்கேயே அனுபவத்தில் பார்த்துவிட்டார். பாலத்துக்குப் போனபோது அவருக்கு இருந்த தைரியம் அங்கிருந்து வந்தது என்பது என் கருத்து.

சரி, இரண்டாவது முறை ஏன் போனார்? அவர் வாழ்நாள் முழுக்க மாற்றாமல் சொன்ன காரணம் ஒன்றுதான்: பேர் பெரிதாகிவிட்டது, அந்தப் பேருக்கு ஈடாக நான் வாசிக்கவில்லை என்று எனக்கே தோன்றியது. இதை நம்பலாம். பிற்காலத்தில்கூடத் தன் பதிவுகளைத் தானே கேட்கப் பிடிக்காத மனிதர் அவர். இன்னொரு காரணமும் அடிக்கடி சொல்லப்படும். 1958 நவம்பரில் கந்தர் ஷுல்லர் என்ற இசையறிஞர் 'ப்ளூ செவன்' என்ற அவருடைய பதிவைச் சுரம் சுரமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சின்னக் கருவை எடுத்து சோலோ முழுக்க வளர்க்கிறார் என்று பெரிய பாராட்டு. அதைப் படித்ததும், நான் இதையா செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்க ஆரம்பித்து வாசிப்பு தடைப்பட்டதாக ரோலின்ஸே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் தன்னைப் பற்றிய எழுத்துகளைப் படிப்பதை விட்டார். கட்டுரை சங்கடப்படுத்தியது உறுதி. அதுதான் அவரைப் பாலத்துக்குத் துரத்தியது என்பது மற்றவர்கள் சேர்த்த ஊகம். மூன்றாவதாக ஒரு கதை: கார்டுக் கட்டுப்பாட்டை விட்டு வாசித்த ஆல்டோ கலைஞர் ஆர்னெட் கோல்மன் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டதால் பயந்து ஒதுங்கினார் என்பது. இதைத் தேதியே தள்ளிவிடுகிறது. ஆர்னெட் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்க ஆரம்பித்தது 1959 நவம்பரில், ரோலின்ஸ் கோடையிலேயே போய்விட்டார். தவிர, அவர்கள் இருவரும் அதற்கு முன்பே கலிஃபோர்னியாவில் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். டெனர் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வளர்ச்சி ரோலின்ஸை உறுத்தியிருக்குமா? இருந்திருக்கலாம். ஒரே வாத்தியம், ஒரே ஊர். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பாலம் நிஜம். மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கிற வில்லியம்ஸ்பர்க் பாலம். ரோலின்ஸ் அப்போது பக்கத்தில் கிராண்ட் தெருவில் ஒரு அடுக்ககத்தில் குடியிருந்தார். டெனர் சாக்ஸை மூடிய வீட்டுக்குள் வாசித்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன ஆகும் என்று வாசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதே கட்டடத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தார், அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று இவருக்கு உறுத்தல். ஒருநாள் டெலான்சி தெருவில் நடந்துபோகும்போது பாலத்துக்கு ஏறும் படிகள் கண்ணில் பட்டன, ஏறிப் பார்த்தார், மேலே நடைபாதையில் கிட்டத்தட்ட ஆளே இல்லை. கீழே படகுகள், பக்கத்தில் ரயிலும் கார்களும். எவ்வளவு ஊதினாலும் கேட்க யாரும் இல்லை. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி போல ஓரிருவர் எப்போதாவது கூட வந்து வாசித்திருக்கிறார்கள். 1961-ல் ரால்ஃப் பெர்ட்டன் என்ற பத்திரிகையாளர் தற்செயலாக அவரைப் பார்த்து 'மெட்ரோனோம்' இதழில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே பரவியது.

ஒரு நாளைக்கு 15, 16 மணி நேரம் என்ற கணக்கையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சில நாள் அப்படி நடந்திருக்கும். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கிவிடாதீர்கள். உதட்டைச் சுற்றியுள்ள தசை அதற்கு ஒத்துழைக்காது. நல்ல பழக்கம் உள்ளவருக்கே சில மணி நேரத்துக்குப் பிறகு ஓரங்களில் காற்று கசிய ஆரம்பிக்கும், சுருதி கீழே இறங்கும். அதற்கு மேல் வாசித்தால் தப்பான பிடியைத்தான் பழக்குவீர்கள். அவர் பாலத்தில் இருந்த நேரத்தில் நடையும் ஓய்வும் யோசனையும் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் சிகரெட்டை விட்டார், உடற்பயிற்சி செய்தார், தத்துவம் படித்தார் என்பதும் தெரிந்ததே. அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை, படமாக எடுத்தால் நன்றாக இருக்காது போல.

வெட்டவெளியில் வாசித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் என் அனுபவத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாம். அறைக்குள் சுவர் நம் ஒலியை நமக்கே திருப்பி அனுப்புகிறது, அதனால் உள்ளதைவிட நன்றாகக் கேட்கும். குளியலறையில் பாடுகிறவர் கதைதான். வெளியில் ஒன்றும் திரும்பி வராது. ஒலி மெலிந்து, உதவிக்கு ஆளில்லாமல் நிற்கும். அதை நிரப்ப முதலில் எல்லாரும் தொண்டையை இறுக்கி ஊதுவார்கள், பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். பிறகுதான் வயிற்றிலிருந்து காற்றைச் சீராகத் தள்ளவும் தொண்டையைத் திறந்து வைக்கவும் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். கீழ் பி ஃப்ளாட் விரல் வைத்துக்கொண்டு, விரலை நகர்த்தாமல் மேலே ஆக்டேவ், அதற்கு மேல் ஐந்தாவது என்று ஒவ்வொன்றாகத் தொண்டையாலேயே வரவழைக்கிற ஓவர்டோன் பயிற்சி இருக்கிறதே, அதை ஒரு மொட்டைமாடியில் செய்து பாருங்கள். அறையில் வந்தது அங்கே வராது. வந்துவிட்டால் எங்கும் வரும். ரோலின்ஸின் பெரிய, அகலமான ஒலி பாலத்துக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் பிற்காலத்தில் அரங்கம், பூங்கா எங்கும் மணிக்கணக்கில் அதே தெம்போடு வாசித்த மூச்சுக்கு அந்தக் காற்றில் செய்த வேலை உதவாமல் இருந்திருக்காது.

1961 நவம்பரில் கிரீனிச் வில்லேஜில் ஜாஸ் கேலரி என்ற கிளப்பில் திரும்ப மேடை ஏறினார். 1962 ஜனவரி, பிப்ரவரியில் பதிவான ஆல்பத்துக்குப் பெயரே 'தி பிரிட்ஜ்'. பியானோ இருக்க வேண்டிய இடத்தில் ஜிம் ஹாலின் கிடார். விமர்சகர்களில் பலர் ஏமாந்தார்கள். இரண்டு வருடத் தவத்துக்குப் பிறகு புதிதாக ஒரு மொழியே பேசிக்கொண்டு இறங்கி வருவார் என்று எதிர்பார்த்தார்கள், இவர் பழைய மெட்டுகளைப் பழைய அழகோடு, கொஞ்சம் கூடுதல் நிதானத்தோடு வாசித்தார். என் காதுக்கும் 1957-ன் வேன்கார்டு பதிவுக்கும் இதற்கும் நடுவில் இரண்டு வருடப் பாய்ச்சல் கேட்கவில்லை. ஜிம் ஹாலோடு பேசிக்கொள்கிற அந்த நாசூக்கு புதிது. வேகமோ சாமர்த்தியமோ கூடியதாகச் சொல்ல மாட்டேன்.

மாற்றம் வேறிடத்தில் தெரிகிறது. அதே 1962 ஜூலையில், ஆர்னெட்டின் கூட்டாளிகளான டான் செரி, பில்லி ஹிக்கின்ஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு வில்லேஜ் கேட் என்ற கிளப்பில் வாசித்து, அது 'அவர் மேன் இன் ஜாஸ்' என்று வந்தது. 'ஓலியோ'வை, எட்டு வருடம் முன்பு தான் எழுதிய மெட்டை, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பிரித்து மேய்கிறார். 1963-ல் தன் குரு ஸ்தானத்தில் இருந்த ஹாக்கின்ஸையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவரைப் போல வாசிக்காமல் வேண்டுமென்றே கோணல்மாணலாக வாசித்து ஒரு ஆல்பம். பேரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவர் இந்த இரண்டையும் செய்ய மாட்டார். எல்லாரும் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பை அவர் பாலத்தில் விட்டுவிட்டு வந்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இது என் கணிப்பு, வேறு மாதிரிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அதன் பிறகும் ஓயவில்லை. 1960-களின் கடைசியில் இந்தியா வந்து, மும்பை போவாயில் சுவாமி சின்மயானந்தாவின் ஆசிரமத்தில் சில மாதம் தங்கினார். தியானத்தில் மனம் நிற்கவில்லை என்று சுவாமியிடம் முறையிட, நீ சாக்ஸபோன் வாசிக்கிறாயே அதுவே தியானம்தான் என்ற பொருளில் பதில் வந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1969-லிருந்து மறுபடி இரண்டு வருடம் மேடையில் இல்லை. 1972-ல் மீண்டும் பதிவுக்கு வந்தார். 1986-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பழைய கல்குவாரியில் கச்சேரி, நடுவில் மேடையிலிருந்து கீழே குதித்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்தபடியே வாசித்தார், அது ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்குச் சில தெரு தள்ளிக் குடியிருந்தவர், வெளியேற்றப்பட்டபோது சாக்ஸபோனோடு இறங்கினார், நான்காம் நாள் பாஸ்டனில் வாசித்தார். நுரையீரல் நோயால் 2012-க்குப் பிறகு மேடை இல்லை, 2014-ல் வாசிப்பதையே நிறுத்த வேண்டிவந்தது. தாமாக விலகியவை எல்லாவற்றுக்கும் திரும்புதல் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

இப்போது உங்கள் விஷயம். ரோலின்ஸ் விலகியபோது பத்து வருடம் பதிவு செய்த பெயர் இருந்தது, எப்போது திரும்பினாலும் கிளப்பும் கம்பெனியும் காத்திருந்தன. வீட்டில், பின்னாளில் மனைவியான லூசில் அலுவலக வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பாலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மெல்லிசைக் குழுவில் நீங்கள் ஒரு வருடம் வராவிட்டால் உங்கள் பிட்டுகளைக் கீபோர்டிலேயே வாசித்து முடித்துவிடுவார்கள், திரும்பி வரும்போது இடம் இருக்குமா என்பது சந்தேகம். உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, அதனால் போ, போகாதே என்று நான் சொல்ல முடியாது. சொல்லித் தந்த அனுபவத்தில் பார்த்தது: என்ன சரிசெய்யப் போகிறோம் என்று தெரியாமல் விடுப்பு எடுத்தவர்கள் தெரிந்ததையே வேகமாக வாசித்துக்கொண்டு காலத்தைக் கழித்தார்கள். இன்று உங்கள் வாசிப்பைப் போனில் பதிவு செய்து, ஒரு வாரம் கழித்துக் கேட்டு, உறுத்துகிற ஒரே ஒரு குறையை எழுதுங்கள். சுருதியா, மூச்சா, கார்டு மாறும் இடமா. புரோகிராம் இல்லாத சீசனில் இரண்டு மூன்று மாதம் அதற்கு மட்டும் கொடுங்கள், காலையில் மொட்டைமாடியில், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

மௌத்பீஸ்: ரோலின்ஸ் வெவ்வேறு காலங்களில் ஓட்டோ லிங்க், பெர்க் லார்சன் இரண்டும் வைத்து வாசித்தவர். இரண்டும் டெனருக்கானவை. ஆல்டோவில் அதே பிராண்டு வாங்கினாலும் அந்த ஒலி கிடைக்காது, காசும் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது இருப்பதிலேயே ரீடை (மௌத்பீஸில் கட்டும் நாணல் பட்டை) அரை நம்பர் ஏற்றியும் இறக்கியும் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். அதிலும் கீழ் சுரங்கள் பிசிறினால் பேடு (துளைகளை மூடும் மெத்தை) எங்காவது கசிகிறதா என்று ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் மௌத்பீஸ் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.